பன்னிரண்டு நேரான பற்கள்

அத்தியாயம் 6

பதினோரு கோடி வருடத்துக்கு மேல் கல்லுக்குள் நிம்மதியாகக் கிடந்த ஒரு பிராணியின் மூஞ்சியில் மீன் குழம்பு ஊற்றிய முதல் மனிதன் நான்.

வேண்டுமென்று ஊற்றவில்லை. மெல்பேர்னின் புறநகரான டண்டினொங்கில் ஒரு மளிகைக் கடைக்கும் ஒரு நகப்பூச்சுக் கடைக்கும் மேலே எங்கள் துப்பறியும் அலுவலகம் இருக்கிறது. 'எங்கள்' என்பது என் ஆசை. அது வேதவல்லி மேடத்தின் அலுவலகம். முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பொய்யைப் பிரிய மனமில்லாமல் இந்தத் தொழிலைத் தொடங்கினார். மயிலாப்பூர்க்காரர். முட்டை போட்ட பிஸ்கட்டுக்குக்கூட எங்கள் வாசலைத் தாண்ட அனுமதி கிடையாது. நானோ யாழ்ப்பாணத்தான், முன்பு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன், மீன் இல்லாவிட்டால் சோறு தொண்டையில் நிற்கும். ஆகவே மேடம் தபால் நிலையத்துக்குப் போய்வரும் இருபது நிமிடம்தான் என் மத்தியானச் சாப்பாட்டு நேரம். அந்தப் புதன்கிழமை டப்பாவின் மூடி இறுகிப்போயிருந்தது. இழுத்தேன். மூடி என் கைக்கு வந்தது. குழம்பு கல்லுக்குப் போனது.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். சாம்பல் நிறம், தேநீர் பரிமாறும் தட்டத்தின் அகலம். அதில் காகத்தளவுப் பிராணி ஒன்று ஒருக்களித்துப் படுத்திருந்தது. இரண்டு கைகளிலும் இறகின் தடம், இழை இழையாக. ஆனால் அந்த இறகுக் கையின் நுனியில் நகம் வைத்த மூன்று விரல்கள். பின்னால், ஓணானுக்கு இருப்பதுபோல் எலும்பு கோத்த நீண்ட வால். வாயில் பற்கள். ஊர்வனவற்றிலிருந்துதான் பறவைகள் வந்தன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்டபடியே திங்கட்கிழமை அதைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தவர் நரசிம்மன். மெல்பேர்ன் நகரத்துக்குள் புதைபடிவங்கள் விற்கும் காட்சிக்கூடம் வைத்திருப்பவர். வெள்ளிக்கிழமை ஒரு மியூசியம் அந்தக் கல்லை வாங்குவதாக இருந்தது. அதற்குள் மியூசியத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிருக்கிறது. ஒரே ஒரு வரி: 'வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள்.'

"எழுதினவன் யாருன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும், மாமி," என்றார் நரசிம்மன். "அதுவரைக்கும் கல் உங்ககிட்டயே இருக்கட்டும். என் இடத்துல எவனோ ஒளிஞ்சிருக்கான்."

'மாமி' என்ற சொல்லுக்கு மேடத்தின் இடது புருவம் அரை அங்குலம் உயர்ந்ததை நான் பார்த்தேன். நரசிம்மன் பார்க்கவில்லை.

கல்லைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. அந்தப் பொறுப்பைத்தான் இப்போது ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பட்டதும் மஞ்சள் பரவியது. கீழே ஓடினேன். நகப்பூச்சுக் கடைப் பெண் ஒரு போத்தலை என் கையில் திணித்து, இதில் போகாத கறையே இல்லை என்றாள். உண்மைதான். ஒருமுறை துடைத்தேன், குழம்பு போனது. திருப்தியில் இன்னொருமுறை துடைத்தேன், ஒரு பல் போனது.

பஞ்சில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அரிசி மணி அளவு. பதினோரு கோடி வருடத்து அரிசி மணி.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. என் மேல்வரிசையில் நாலு பல் கட்டுப்பல். அதைக் கழற்றி வைக்கும் சின்னப் பிளாஸ்டிக் டப்பி எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். பல்லை அதற்குள் போட்டு மூடினேன். பல்லை வைக்கத்தானே அந்த டப்பி.

மேடம் உள்ளே வந்து நின்று, ஒருதரம் மூச்சை இழுத்தார்.

"என்ன மீன்?"

"என்ன மேடம் கேக்கிறியள்?"

"நான் சாப்பிடறதில்ல சிறி. மூக்கு வேலை செய்யும்."

"சூடை."

"ம். காரை எடு. கேரம் டவுன்ஸ் போறோம். அந்தக் கல்லையும் எடுத்துக்கோ."

எனக்கு இருந்த கொஞ்சப் பசியும் செத்தது. கேரம் டவுன்ஸில்தான் நரசிம்மனின் பட்டறை. கல்லைச் சுரண்டி எலும்பை வெளியே எடுக்கும் வேலை அங்கே நடக்கிறது. அந்த வேலையைச் செய்பவள் தாட்சாயினி. ஊரில் பல்செட் செய்தவள். இங்கே வந்து அவளுடைய சான்றிதழை யாரும் சீந்தாதபோது, "சார், உங்கடை எலும்பு வேலைக்கு இதைவிடப் பொறுமையான கை கிடைக்காது" என்று நரசிம்மனிடம் அழைத்துப்போனவன் நான். ஸ்பொன்சர் அவர். அவளுடைய பி.ஆர்., அதாவது நிரந்தர வதிவிட விண்ணப்பம் அவர் கையெழுத்தோடு போயிருக்கிறது, முடிவு இன்னும் வரவில்லை. அவர் கையை எடுத்தால் அவளும், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் லக்சிகாவும் பெட்டி கட்டவேண்டும். என் சட்டைப்பையில் கிடந்த அரிசி மணி திடீரென்று கனத்தது.

கல்லைப் பின் சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டேன். பிராணி என்னைப் பார்த்து ஒரு பல் குறைவாகச் சிரித்தது.

பிரதான வீதிக்கு ஏறும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அது என் இயல்புக்கு மாறானது என்று உடனே உறைத்ததால் திறந்தேன்.

"மேடம், ஒண்டு கேக்கவா? இது பறவையோ, ஓணானோ?"

"ரெண்டுந்தான்."

"எல்லாரும் இதைத்தான் சொல்லுறாங்கள். நேற்று யூனிவர்சிற்றிக்குப் போன் எடுத்தனான். ஒரு பேராசிரியர் அரை மணித்தியாலம் கதைச்சார். கடைசியில, நீர் எங்கை கோடு கீறுறீர் எண்டதைப் பொறுத்தது எண்டு வைச்சிட்டார். நேரா ஒரு பதில் சொன்னா என்னவாம்?"

"நேரா பதில் வேணும்னா நேரா உள்ள விஷயத்தைக் கேக்கணும்."

"நெஞ்சில கவட்டை மாதிரி ஒரு எலும்பு கிடக்குது பாத்தீங்களோ? அது கோழியிலயும் இருக்கு. எனக்கு நல்லாத் தெரியும். எங்கடை வீட்டில கோழிக்கறி வைச்சா எனக்கு எப்பவும் அந்தத் துண்டுதான் வந்து விழும். அதில இறைச்சியே இராது."

"உன் சாப்பாட்டு ஞானத்துக்கு முதல் தடவையா ஒரு உபயோகம்," என்றார் மேடம். பிறகு அதே குரலில், "திங்கக்கிழமை கல் உள்ள வந்தப்போ பல் பன்னிரண்டு. இப்ப பதினொண்ணு."

நான் பிரேக் போட்டேன். நல்லவேளை, எதிரே சிவப்பு விளக்கு இருந்தது. போட்டதற்கு ஒரு நியாயம் கிடைத்தது.

"எண்ணினீங்களோ?"

"முப்பது வருஷமா எந்தப் பொருளையும் எண்ணாம கைல வாங்கினதில்ல."

டப்பியை எடுத்துக் கொடுத்தேன். குழம்பு, பஞ்சு, போத்தல் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். விழவில்லை. அது இன்னும் மோசம்.

"நகப்பூச்சு அழிக்கிற தண்ணியில கழண்டுது," என்றார் மேடம் மெதுவாக. "கல்லாப் போன பல் அதுல கழராது சிறி. ஒட்டவெச்ச பல்தான் கழரும்."

"ஒட்டினது தாட்சாயினி இல்லை."

"நான் பேரே சொல்லலையே."

"நினைச்சீங்கள்."

"அப்போ காரணம் சொல்லு. பாசம் காரணமில்ல."

என்னிடம் காரணம் இருந்தது. என் வாயிலேயே இருந்தது. கட்டுப்பல்லைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து அவர் முன் நீட்டினேன். மேடம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"பாருங்கோ மேடம்," என்றேன். நாலு பல் இல்லாமல் பேசியதால் பாதி காற்றாகப் போனது. "இந்த ரெண்டாவது பல்லு கொஞ்சம் திரும்பி நிக்குது."

"தெரியறது. உள்ள போடு. பக்கத்துக் கார்ல குழந்தை இருக்கு."

போட்டுக்கொண்டு தொடர்ந்தேன். "இது அவள் செய்து தந்தது. எல்லாத்தையும் நேரா வையும் பிள்ளை எண்டனான். நேரா வைச்சா பொய்ப்பல்லு எண்டு ஊருக்கே தெரியும் அண்ணை, ஒண்டு கொஞ்சம் திரும்பி நிண்டாத்தான் வாயில முளைச்ச மாதிரி இருக்கும் எண்டவள். எல்லாருக்கும் அப்பிடித்தான் செய்யிறவள். இந்தக் கல்லைப் பாருங்கோ. பன்னிரண்டும் காலமைப் பிரார்த்தனைக்கு நிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி வரிசையா, ஒரே உயரம். அவளின்ரை கை எண்டா இப்பிடி இராது."

மேடம் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"உடும்பு, முதலை வாயில பல் விழுந்து விழுந்து முளைக்கும். ஒண்ணு பெரிசு, ஒண்ணு பாதி, நடுவுல ஓட்டை. இப்படி ஒரு வரிசை எந்த உயிருள்ள வாயிலயும் இருக்காது," என்றார். "நல்ல பாயிண்ட், சிறி."

மூன்று வருட வேலையில் இரண்டாவது 'நல்ல பாயிண்ட்'. எனக்கு மூச்சு வந்தது. சிவா விஷ்ணு கோவில் கோபுரம் தெரிந்தபோது மேடம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் ஒரு கையால் போட்டுக்கொண்டேன். மற்றக் கை ஸ்டியரிங்கில், மனம் தாட்சாயினியின் பக்கம்.

பட்டறைக்குள் பல் வைத்தியரின் அறைச் சத்தம். முகமூடியோடு குனிந்திருந்த தாட்சாயினியின் கையில், காற்றில் அதிரும் ஊசி. ஒரு முதுகெலும்பைச் சுற்றி ஒட்டியிருந்த கல்லைப் பொடிப்பொடியாக உதிர்த்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் ஊசியை நிறுத்தினாள்.

"வாங்கோ சிறி அண்ணை. வாங்கோ மேடம்."

பின்னாலிருந்து நரசிம்மன் வந்தார். காதில் போன். அதை மார்போடு அழுத்திக்கொண்டு, "என்ன மாமி, ஆள் கெடச்சானா?" என்றார்.

"அதுக்கு முன்னால ஒரு வருத்தமான சமாசாரம் சார். என் அசிஸ்டென்ட் கைதவறிக் கல்லுல ஒரு பல் விழுந்துடுத்து."

என்னைக் காட்டிக்கொடுத்த மேடத்தை நான் திகைத்துப் பார்த்தேன். கூரை இடிந்து விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். கூரை அசையவில்லை. கண்ணைத் திறந்தபோது நரசிம்மன் கல்லைப் பார்த்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானே? தாட்சா, அப்புறமா அதை ஒட்டிடு. பல்லை விடுங்க மாமி. கடிதம் எழுதினவன் யாரு, அதைச் சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமை சொல்றேன்."

"பேர் கெடச்சா போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்." போனைக் காதுக்குக் கொண்டுபோனபடியே வெளியேறினார். அவருடைய கார் புறப்படும் சத்தம் கேட்டது.

மேடம் அலமாரியை நோட்டம் விட்டார். "என்ன பசையம்மா போடுவே?"

"ரெண்டு வகை இருக்கு மேடம்." தாட்சாயினி பெரிய தகரம் ஒன்றைக் காட்டினாள். "இது காய்ஞ்சா காய்ஞ்சதுதான். கல்லு உடைஞ்சாலும் ஒட்டு விடாது. விற்கிறது எல்லாத்துக்கும் இதைத்தான் போடச் சொல்லுவார்." பிறகு சின்னக் கண்ணாடிப் போத்தல் ஒன்றை எடுத்தாள். "இது அசிற்றோன், அதுதான் நகப்பூச்சு அழிக்கிற தண்ணி, பட்டாக் கரைஞ்சிடும். மியூசியக்காரர் பாவிக்கிறது. நாங்கள் பிழையா ஒட்டியிருந்தா, பிறகு வாறவை கழட்டித் திருத்தலாம்."

"இந்தக் கல்லோட பல்லுக்கு எது?"

தாட்சாயினி போத்தலைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். அது முன்பு இருந்த இடத்திலேயே, அதே தூசி வட்டத்துக்குள் வைத்தாள்.

"பிளேன்ரீ ஊத்தவோ மேடம்?" என்றாள்.

"ஊத்தும்மா. நாங்க வெளியில நிக்கறோம்."

வெளியே சாமான் ஏற்றும் பழைய மரத்தட்டுகள் அடுக்கியிருந்தன. மேடம் அதில் ஒன்றில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பேசினால் எனக்குப் பயம்.

"பதினோரு கோடி வருஷத்துப் பல்லை உடைச்சுட்டோம்னு சொல்றோம். அந்த மனுஷன் கடிகாரத்தைப் பாக்கறார். ஏன் சிறி?"

"பல்லு அவ்வளவு பழசில்லை எண்டு அவருக்குத் தெரியும்."

"சரி. வெக்கச் சொன்னவரே அவர்தான். வெச்சது யாரு?"

"நான்தான் சொன்னேனே மேடம். தாட்சாயினி எண்டா ஒண்டு திரும்பி நிக்கும்."

"ஆமா. நெஜம் மாதிரித் தெரியணும்னா ஒண்ணைத் திருப்பி வெக்கணும்னு அவளுக்குத் தெரியும். உனக்கு, உன் வாய்க்கு, அத்தனை சிரத்தையாப் பண்ணியிருக்கா. அப்படித் தெரிஞ்சவ பன்னிரண்டையும் நேரா வெச்சா என்ன அர்த்தம்? எந்த ஜென்மத்துக்கும் கழராத பசை கையெட்டற தூரத்துல இருக்கு. அதை விட்டுட்டுக் கழர்ற பசையை எடுத்தா என்ன அர்த்தம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை என்று எழுதினால் அது பொய். பதில் தெரிந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"யாராவது பார்த்துக் கண்டுபிடிக்கட்டும்னு வெச்சிருக்கா," என்றார் மேடம். "யாரும் பார்க்கல. நாள் நெருங்கிடுத்து. அப்புறம்தான் கடிதம்."

"அப்ப அவர் எங்களைத் தேடச் சொன்ன ஆள்..."

"நம்மள வெச்சு அவளைப் பிடிக்கப் பார்க்கறார். நாமளும் சமத்தா வந்து பிடிச்சுட்டோம்." மேடம் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா இதெல்லாம் என் ஊகம். அவ வாயால வந்தாத்தான் உண்மை. நீ போய்க் கேளு."

"நான் கேக்கமாட்டன்."

"உன்கிட்டதான் சொல்லுவா. நீதானே அவளை இங்க கொண்டுவந்து விட்டே."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் திருப்பி ஏதாவது பகிடி விட்டிருப்பேன்.

உள்ளே போனேன். மேசையின் ஓரத்தில் மூன்று கோப்பைகளில் பாலில்லாத தேநீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. தாட்சாயினி கல்லின் முன் கதிரையில் இருந்தாள். முகமூடி கழுத்துக்கு இறங்கியிருந்தது.

"சீனி காணுமோ பாருங்கோ அண்ணை."

"காணும்." போதுமென்று சொல்லிவிட்டேனே தவிர, நான் இன்னும் குடிக்கவில்லை. மேடம் திருப்பித் தந்திருந்த டப்பியைத் திறந்து மேசையில் வைத்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் அந்தப் பல் ஒரு குறையுமில்லாமல் கிடந்தது. "பிள்ளை, நான் ஒண்டு கேப்பன்."

"கட்டுப்பல்லு தளருதோ? கொண்டாங்கோ, இறுக்கித் தாறன்."

"அது நல்லா இருக்கு."

"வீட்டில மச்சாள் சுகமோ?"

"தாட்சாயினி."

இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் நான் நேரான பதில் ஒன்றுக்காகக் காத்துக்கிடக்கிறவன். விசா அலுவலகத்தில் கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். வைத்தியரிடம் கேட்டால் பார்ப்போம் என்பார். அந்த ஒரு மத்தியானம் மட்டும் யாராவது சுற்றி வளைத்து எனக்கு எதையாவது சொல்லி அனுப்பிவிட்டால் நல்லது என்று இருந்தது. ஒரு சின்னப் பொய் சொன்னால்கூட நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் கேள்வி என் வாயை விட்டுப் போய்விட்டது.

"இந்தப் பல்லு ஆரின்ரை?"

அவள் ஒரு விரலால் டப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என்ரை," என்றாள். "பல்லச்சு வார்க்கிற மாவில செய்து, தேயிலைச் சாயத்தில ஊறவைச்சனான். கல்லுக்குள்ளால தாடையை எடுத்தபோது அதில பல்லு இல்லை அண்ணை. குழிதான் இருந்தது. பல்லு இருந்து விழுந்த குழி. அதுவே சாட்சி, அது காணும் எண்டு அவருக்குச் சொன்னனான். குழியை ஆர் பாக்கப்போறாங்கள், பல்லை வை எண்டார். என்ரை விசா பைல் அவரின்ரை மேசை லாச்சியில கிடக்குது. வைச்சனான்."

"கடிதம்?"

"அதுவும் நான்தான்."

"ஏன் பிள்ளை?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "ஒருத்தருக்கும் தெரியாது. பேசாமல் இருந்திருக்கலாமே. இன்னும் கொஞ்ச நாள்தானே."

அவள் கல்லின் மேல் குனிந்தாள். தொடவில்லை. இறகின் தடத்துக்கு மேலாக, மூன்று விரல்களுக்கு மேலாக, வால் முடியும் இடம்வரை அவளுடைய விரல் காற்றில் போய்வந்தது.

"இது முழுக்க நிசம் அண்ணை. இறகு நிசம். விரல் நிசம். வால் நிசம். ஏழு மாசம் இந்த ஊசியால ஒரு இழை அறாமல் எடுத்தனான். பத்து வருசம் கழிச்சு ஆரோ ஒருத்தர் பல்லு பொய்யெண்டு கண்டுபிடிச்சா, முழுக்கல்லையும் பொய்யெண்டு தூக்கி எறிவாங்கள். பிறகு இறகு நிசமெண்டு ஆர் வந்து சொல்லுவினம்? பல்லைக் கழட்டினாலும் இது நிக்கும். கழட்டாமல் விட்டாத்தான் விழும்."

வெளியே மேடம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. தேநீர் ஆறிப்போயிருந்தது. நான் கேட்கக்கூடாத அடுத்த கேள்வியையும் கேட்டேன். எப்போதும் அப்படித்தான், ஒன்றோடு நிறுத்தத் தெரியாது.

"இதை வெளியில சொன்னா உம்மடை விசா போகுமோ?"

தாட்சாயினி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம், போகும்," என்றாள். "பெட்டி கட்டவேண்டி வரும் எண்டு லக்சிகாவுக்கு நேற்றே சொல்லிப்போட்டன்."